ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வழிகள்: வெப்ப மூலங்கள் குறித்து ஓர் அறிமுகம்

வெப்ப ஆற்றலின் மூலங்களைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரித்துக் காட்டும். ஒரு பக்கம் இயற்கை மூலங்கள்: சூரியன், எரிமலை, வெந்நீர் ஊற்று, மின்னல். மறுபக்கம் செயற்கை மூலங்கள்: அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, மின் ஹீட்டர், அணு உலை. தேர்வு எழுத இது போதும். ஆனால் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு குழந்தை, "விறகு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறிப் போவோம். மின்னல் விழுந்து காடு பற்றி எரிந்தால் அது இயற்கை. அதே காட்டில் பொறுக்கிய சுள்ளியைத் தீக்குச்சியால் பற்றவைத்தால் அது செயற்கை. எரிவது அதே மரம்தான், வெளிவருவதும் அதே வெப்பம்தான். பற்றவைத்தது யார் என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

அந்தக் குழந்தையின் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். வெப்ப மூலங்களைப் புரிந்துகொள்ள நான் அறிந்த நல்ல வழி, ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்தி, "இந்த வெப்பம் இதற்கு முன் எங்கே, என்னவாக இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போவதுதான். அப்படிப் போகும்போது, மனிதன் வெப்பத்தைப் புதிதாகப் படைத்த இடம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஏற்கெனவே எங்கோ கட்டுண்டு கிடந்த ஆற்றலை அவிழ்த்துவிட்ட இடங்கள்தான் தென்படும்.

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

மூலங்களுக்குள் போகும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சாணைக்கல்லில் இரும்பைத் தீட்டும்போது தெறிக்கும் பொறியின் வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆனால் அது கையில் பட்டாலும் பெரும்பாலும் சுடுவதற்குள் அணைந்துவிடும். ஒரு வாளி வெதுவெதுப்பான நீரின் வெப்பநிலை நாற்பது டிகிரிதான். ஆனால் அது ஆறுவதற்குள் வெளிவிடும் வெப்பம், பல்லாயிரம் பொறிகள் சேர்ந்து தருவதைவிட அதிகம்.

எந்தப் பொருளிலும் அணுக்களும் மூலக்கூறுகளும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆட்டம் சராசரியாக எவ்வளவு வேகமானது என்பதைச் சொல்வது வெப்பநிலை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எவ்வளவு ஆற்றல் கைமாறியது என்பதைச் சொல்வது வெப்பம். பொறியில் ஆட்டம் கடுமை, ஆனால் ஆடுபவர்கள் சிலர். வாளியில் ஆட்டம் மிதம், ஆனால் ஆடுபவர்கள் எண்ணிலடங்காதவர்கள்.

வெப்பத்தை ஜூல் என்ற அலகில் அளக்கிறோம். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 ஜூல் வேண்டும். அப்படியானால் ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,14,000 ஜூல் தேவை. (இது கொதிநிலையை எட்ட மட்டும். அந்தத் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க இதைப் போல் ஏழு மடங்கு வேண்டும்.) இனி வரும் ஒவ்வொரு மூலத்தையும் இந்த ஒரு லிட்டரைக் கொண்டே அளந்து பார்க்கலாம். மெகாவாட், டெராஜூல் என்று எண்களை அடுக்கினால் மனத்தில் ஒன்றும் தங்காது. ஒரு பாத்திரம் தண்ணீர் எல்லோருக்கும் தெரியும்.

சூரியன்

தெளிந்த வானத்தில், நண்பகலில், நேராகச் சூரியனைப் பார்த்து வைத்த ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் ஜூல் ஆற்றல் விழுகிறது. நொடிக்கு ஒரு ஜூல் என்பதைத்தான் ஒரு வாட் என்கிறோம், ஆக இது 1,000 வாட். காற்று மண்டலத்துக்கு வெளியே இது 1,361 வாட். மீதியைக் காற்று வழியில் சிதறடித்தும் விழுங்கியும் விடுகிறது. 3,14,000-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 314 நொடி. ஒரு சதுர மீட்டர் வெயிலைத் துளியும் வீணாக்காமல் தண்ணீருக்குள் செலுத்த முடிந்தால், ஐந்தேகால் நிமிடத்தில் ஒரு லிட்டர் கொதித்துவிடும்.

பிறகு ஏன் வெயிலில் வைத்த வாளி கொதிப்பதில்லை? வாங்கிய வெப்பத்தை அது காற்றுக்கும் தரைக்கும் உடனுக்குடன் இழந்துகொண்டே இருப்பதால்தான். பரந்து கிடக்கும் வெயிலைக் கண்ணாடிகளால் ஒரே புள்ளியில் குவித்தால் கதையே வேறு. பிரான்சில் பைரனீஸ் மலைப்பகுதியில் உள்ள ஒடெய்யோ சூரிய உலை அப்படிக் குவித்து 3,000 டிகிரிக்கும் மேலான வெப்பநிலையை எட்டுகிறது. அந்த உலையை எந்தப் பக்கத்தில் எழுதுவது? கண்ணாடி மனிதன் செய்தது, வெப்பம் சூரியனுடையது.

சரி, சூரியனுக்கு அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவியலாளர்களை இந்தக் கேள்வி வாட்டி எடுத்தது. சூரியன் முழுவதும் நிலக்கரி என்று வைத்துக் கணக்கிட்டால் சில ஆயிரம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதில் விடை இருக்கலாம் என்று 1920-இல் ஆர்தர் எடிங்டன் ஊகித்தார். அது எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்பதை 1939-இல் ஹான்ஸ் பெத்தே விளக்கினார். அதற்காக 1967-இல் நோபல் பரிசும் பெற்றார். சூரியனின் நடுப்பகுதியில், ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பநிலையில், நான்கு ஹைட்ரஜன் கருக்கள் படிப்படியாக இணைந்து ஒரு ஹீலியம் கருவாகின்றன. பிறக்கும் ஹீலியத்தின் நிறை, சேர்ந்த நான்கின் மொத்த நிறையைவிட ஏறத்தாழ 0.7 விழுக்காடு குறைவு. குறைந்த நிறைதான் ஆற்றலாக வெளிவருகிறது. இப்படிச் சூரியன் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ நாற்பது லட்சம் டன் எடை இழந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டால் சூரியன் ஓயாமல் வெடிக்கும் ஒரு குண்டு என்று தோன்றும். உண்மை அப்படியில்லை, இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த செய்தியும் இதுதான். சூரியனின் மொத்த வெப்பத்தை அதன் மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ சூரியன் தரும் வெப்பத்தைவிட, ஒரு கிலோ மனித உடல் தரும் வெப்பம் பல ஆயிரம் மடங்கு அதிகம்! சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. சூரியனில் இணைவு மிக மிக மெதுவாகவே நடக்கிறது. அது பிரகாசிப்பது அதன் அளவினால். மெதுவாக நடப்பதால்தான் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளாக அணையாமல் இருக்கிறது.

உங்கள் உடலும் ஒரு வெப்ப மூலம்

100 வாட் என்றால், நம் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தேவையான வெப்பத்தை உங்கள் உடல் 52 நிமிடத்தில் வெளிவிட்டுவிடுகிறது. ஆனால் பாத்திரத்தை எவ்வளவு நேரம் கட்டிப்பிடித்திருந்தாலும் தண்ணீர் கொதிக்காது. வெப்பம் தானாகப் பாய்வது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான். உடலின் வெப்பநிலை 37 டிகிரி. தண்ணீரும் 37 டிகிரியை எட்டிவிட்டால் அதற்குமேல் ஒரு துளி வெப்பமும் அந்தப் பக்கம் போகாது. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்று முன்பு சொன்னதன் பொருள் இங்கே நன்றாக விளங்கும். ஒரு மூலம் எவ்வளவு வெப்பம் தருகிறது என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வெப்பநிலையில் தருகிறது என்றும் கேட்க வேண்டும்.

உயிர்கள் தரும் வெப்பம் பெரும்பாலான பட்டியல்களில் விடுபட்டுப் போகிறது, இது எனக்கு வருத்தம்தான். நன்றாக மட்கும் எருக்குவியலின் உட்புறத்தைத் தொட்டால் கை சுடும். நுண்ணுயிரிகள் உணவைச் சிதைக்கும்போது வெளிவிடும் வெப்பம் குவியலை 60, 70 டிகிரிவரை கொண்டுபோகிறது. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோற்போர் தானாகவே பற்றிக்கொள்வதும் இதே வழியில் தொடங்குவதுதான். ஜப்பானியத் தேனீக்கள் இன்னும் வியப்பானவை. கூட்டைத் தாக்க வரும் பெரிய குளவியை நூற்றுக்கணக்கான தேனீக்கள் பந்து போலச் சூழ்ந்துகொண்டு, தம் பறத்தல் தசைகளை அதிரவைத்து, பந்தின் உள்ளே வெப்பநிலையை ஏறத்தாழ 46 டிகிரிக்கு உயர்த்திவிடும். அந்தச் சூட்டைத் தேனீ தாங்கும், குளவி தாங்காது.

தேனீக்கு அந்த வெப்பம் தேனிலிருந்து வந்தது. தேன் பூவிலிருந்து, பூ வெயிலிலிருந்து. நம் உடல் வெப்பமும் அப்படியே.

நெருப்பு

இப்போது விறகுக்குத் திரும்பலாம். இலை வெயிலை வாங்கி, கரியமில வாயுவையும் தண்ணீரையும் பிரித்து, கார்பனையும் ஹைட்ரஜனையும் மரமாகக் கட்டுகிறது. ஆக்சிஜனைக் காற்றில் விட்டுவிடுகிறது. எரியும்போது இதே வேலை தலைகீழாக நடக்கிறது. கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு மறுபடி சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் ஆகின்றன. மரம் பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த வெயில் சில நிமிடங்களில் வெளியே வருகிறது.

இங்கே பலரிடமும் உள்ள ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். "எரியும்போது மூலக்கூறுகளின் பிணைப்பு உடைகிறது, அதனால் ஆற்றல் வெளிவருகிறது" என்று சொல்வார்கள். பிணைப்பை உடைக்க ஆற்றலைச் செலவழிக்கத்தான் வேண்டும். புதிதாக உருவாகும் பிணைப்புகள் பழையவற்றைவிட வலுவானவை. அவை உருவாகும்போதுதான் செலவழித்ததைவிட அதிகமாக ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது. முதல் சில பிணைப்புகளை உடைக்கும் செலவைத் தீக்குச்சி கொடுக்கிறது. அதன்பின் எரியும் பகுதி அடுத்த பகுதிக்கு அந்தச் செலவைக் கொடுத்துக்கொண்டே போகிறது. தீ பரவுவது இப்படித்தான். ஒரு விறகுக் கட்டை பல ஆண்டுகள் மூலையில் பேசாமல் கிடப்பதற்கும், பற்றவைத்தவுடன் தானாகவே எரிந்து முடிவதற்கும் காரணம் ஒன்றே.

ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க எவ்வளவு எரிபொருள் வேண்டும்? முழு வெப்பமும் தண்ணீருக்கே போவதாக வைத்துக்கொண்டால், உலர்ந்த விறகு 20 கிராம், நல்ல நிலக்கரி 12 கிராம், பெட்ரோல் அல்லது சமையல் எரிவாயு 7 கிராம், ஹைட்ரஜன் 3 கிராமுக்கும் குறைவு. நடைமுறையில் இதைப் போல் பல மடங்கு செலவாகும், குறிப்பாகத் திறந்த விறகடுப்பில். பெரும்பகுதி வெப்பம் பாத்திரத்தைத் தொடாமலே காற்றோடு மேலே போய்விடுகிறது.

நிலக்கரி யாருடைய வெயில்? உலகின் பெரிய நிலக்கரிப் படிவங்களில் பல, ஏறத்தாழ 30 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் வளர்ந்த காடுகளிலிருந்து வந்தவை. பெட்ரோலியம் பெரும்பாலும் கடலில் மிதந்து வாழ்ந்த நுண்ணுயிர்களிலிருந்து வந்தது. எந்த டைனோசரும் பிறப்பதற்கு முன் பூமியில் விழுந்த வெயிலைக்கொண்டு இன்று எஃகை உருக்குகிறோம்.

காலுக்குக் கீழே

எல்லா வெப்பமும் சூரியனிடமிருந்தே வருகிறது என்று முடித்துவிட இங்கே ஆசை எழும். ஆனால் எரிமலை அதற்கு ஒப்பாது.

தரையில் துளையிட்டுக்கொண்டே கீழே போனால், பல இடங்களில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரிவரை வெப்பநிலை ஏறுகிறது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989-இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டிய ஆழ்துளையின் அடியில் 180 டிகிரி இருந்தது. பூமியின் மையத்தில் வெப்பநிலை 5,000 டிகிரியைத் தாண்டும். ஏறத்தாழ சூரியனின் மேற்பரப்புக்கு இணை. இந்த வெப்பத்துக்கும் வெயிலுக்கும் எந்த உறவும் இல்லை. இதில் ஒரு பங்கு, பூமி உருவானபோது மோதிச் சேர்ந்த பாறைகளின் வேகத்திலிருந்தும், கனமான இரும்பு மையத்துக்கு அமிழ்ந்ததிலிருந்தும் பிறந்த பழைய வெப்பம். ஏறத்தாழ மறுபாதி, பாறைகளில் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை மெதுவாகச் சிதைவதால் இன்றும் பிறந்துகொண்டிருப்பது.

இந்த இரண்டாவது பங்கைப் பற்றித் தெரியாமல்தான் கெல்வின் பிரபு 1862-இல் பூமியின் வயதைக் கணக்கிட்டார். உருகிய நிலையில் இருந்த பூமி இன்றைய நிலைக்கு ஆற எவ்வளவு காலம் ஆகும் என்பது அவர் கேள்வி. 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்று விடை வந்தது. இன்று நாம் அறிந்த வயது 454 கோடி. கணிதத்தில் அவர் தவறவில்லை. பூமியின் உள்ளே திடப்பாறையே மிக மெதுவாகச் சுழன்று, ஆழத்து வெப்பத்தை மேலே கொண்டுவருகிறது என்பது அவர் கணக்கில் இல்லை; அதுதான் பெரிய பிழை. கதிரியக்கமோ அப்போது யாருக்கும் தெரியாது. அதை ஹென்றி பெக்கெரல் கண்டறிந்தது 1896-இல். 1903-இல் பியேர் கியூரியும் ஆல்பர்ட் லபோர்தும் ரேடியம் தரும் வெப்பத்தை அளந்தார்கள். எதுவும் எரியாமல், யாரும் பற்றவைக்காமல், ஒரு துண்டு ரேடியம் தன் எடைக்கும் அதிகமான பனிக்கட்டியை ஒரு மணி நேரத்தில் உருக்கியது. அடுத்த மணி நேரத்திலும் அதே அளவு உருக்கியது. அன்றைய அறிவியலாளர்கள் எப்படித் திகைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பூமியின் உள்வெப்பம் மொத்தத்தில் பெரியது, ஆனால் மெல்லியது. ஒரு சதுர மீட்டர் தரை வழியாக மேலே வருவது சராசரியாக 0.09 வாட். நம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அது நாற்பது நாள் எடுத்துக்கொள்ளும். வெயிலுக்கு ஐந்தேகால் நிமிடம், தரைக்கு நாற்பது நாள். ஆகவேதான் புவிவெப்பத்தைப் பயன்படுத்த, இயற்கையே அதைக் குவித்து வைத்திருக்கும் இடங்களைத் தேடிப்போகிறார்கள். இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904-இல் நிலத்தடி நீராவியைக்கொண்டு சில மின்விளக்குகளை எரித்துக் காட்டினார்கள். இன்றும் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளை நிலத்தடி வெந்நீரே சூடாக வைத்திருக்கிறது.

உராய்வு

1798-இல் பெஞ்சமின் தாம்சன், ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்டவர், மியூனிக் நகர ஆயுதச்சாலையில் தாம் கண்டதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது உலோகம் கடுமையாகச் சூடேறுவதை அவர் கவனித்திருந்தார். வெப்பம் என்பது கலோரிக் என்ற கண்ணுக்குத் தெரியாத திரவம், அது பொருள்களுக்குள் நிறைந்திருக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அப்படியானால் பீரங்கிக்குள் இருந்த திரவம் ஒரு கட்டத்தில் தீர வேண்டுமே? ரம்ஃபோர்டு பீரங்கியைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து, குதிரைகளை விட்டு, மழுங்கிய துளைப்பானைச் சுழற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல் அவ்வளவு தண்ணீர் கொதித்ததைப் பார்த்தவர்கள் வாய் பிளந்து நின்றார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். குதிரை சுற்றும்வரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது. தீராமல் வரும் ஒன்று திரவமாக இருக்க முடியாது. அது இயக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், கீழே இறங்கும் எடைகளால் தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி, எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்பதைத் துல்லியமாக அளந்தார். அவருடைய எண்ணை நம் லிட்டருக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் ஆற்றலைக்கொண்டு அதே தண்ணீரை 32 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம்! ஐம்பது மீட்டர் உயர அருவியில் விழும் தண்ணீர், விழுந்த வேகம் முழுவதும் வெப்பமானாலும், 0.12 டிகிரிதான் சூடாகும். உள்ளங்கைகளைத் தேய்த்தால் வரும் இதமான சூட்டைக் கொஞ்ச நேரத்துக்குமேல் நீட்டிக்க முடியாமல் கை வலிப்பது ஏன் என்பது இப்போது புரியும்.

ஆனாலும் உராய்வு பெரிய அளவில் நடக்கும் இடம் உண்டு. வியாழனின் நிலவான அயோ, ஒரு பக்கம் வியாழனாலும் மறுபக்கம் மற்ற நிலவுகளாலும் இழுபட்டு, சுற்றுக்குச் சுற்று பிசையப்படுகிறது. பிசைந்த மாவு சூடேறுவதுபோல அதன் பாறையும் உள்ளே சூடேறி உருகுகிறது. 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படங்களில் அதன் எரிமலைகள் சீறிக்கொண்டிருப்பது தெரிந்தது. அங்கே வெயில் மங்கல். அந்த வெப்பத்தின் வேர் ஈர்ப்பு விசை.

மின்சாரம்

இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி, ஹீட்டர் எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒரு கம்பி. பெரும்பாலும் நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்ரோம். மின்னோட்டம் ஓடும்போது எலக்ட்ரான்கள் கம்பியின் அணுக்களில் முட்டி மோதி அவற்றை ஆடவைக்கின்றன. அந்த ஆட்டம் வெப்பம். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை 1841-இல் கண்டறிந்தவரும் அதே ஜூல்தான். 1,500 வாட் மின்கெண்டி நம் லிட்டரை மூன்றரை நிமிடத்தில் கொதிக்கவைத்துவிடும்.

மின் ஹீட்டர் வாங்கிய மின்சாரத்தை முழுக்க வெப்பமாக்கிவிடும், அந்த வகையில் அதில் இழப்பே இல்லை. ஆனால் பின்னோக்கிப் போகச் சொன்னேன் அல்லவா? அந்த மின்சாரம் நிலக்கரி எரிக்கும் அனல் மின்நிலையத்திலிருந்து வந்தால், அங்கே எரித்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகியிருக்கும். மீதி குளிர்விப்பு கோபுரங்கள் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் போய்விட்டது. வெப்பத்தை மின்சாரமாக்கி, அதை மறுபடி வெப்பமாக்குவது சுற்றுவழி. வெப்ப எக்கி இதை ஓரளவு ஈடுசெய்கிறது. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியே உள்ள குளிர்ந்த காற்றிலிருந்தே வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது, குளிர்சாதனப் பெட்டி செய்யும் அதே வேலையை. ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு பங்கு வெப்பம் கிடைப்பது இதனால்தான்.

அணுக்கரு

கடைசியாக, செயற்கை மூலங்களின் பட்டியலில் யாரும் சந்தேகப்படாமல் எழுதும் அணு உலை. கனமான யுரேனியம்-235 கரு, நியூட்ரான் ஒன்றை வாங்கி இரண்டாகப் பிளக்கிறது. துண்டுகள் மிகுந்த வேகத்தில் பறந்து சுற்றியுள்ள பொருளில் மோதி அதைச் சூடாக்குகின்றன. கூடவே வெளிவரும் நியூட்ரான்கள் அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. இந்தப் பிளவு 1938-இல் தெரியவந்தது; 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில், கட்டுக்குள் வைத்த முதல் தொடர்வினை நடந்தது. ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் வரும் வெப்பத்தில் இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். விறகு என்றால் ஐந்து டன் வேண்டும்.

மனித அறிவின் படைப்பு என்று இதையாவது சொல்லலாம் என்றால், 1972-இல் ஒரு செய்தி வந்தது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஒக்லோ சுரங்கத்து யுரேனியத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர்கள், அதில் யுரேனியம்-235 இருக்க வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். எங்கும் 0.720 விழுக்காடு இருப்பது அங்கே 0.717. சிறிய வித்தியாசம்தான், ஆனால் இயற்கையில் இந்த விகிதம் காலப்போக்கில் எங்கும் ஒரே சீராகக் குறையுமே தவிர, இடத்துக்கு இடம் மாறவே கூடாது. தேடிப் பார்த்ததில் விடை கிடைத்தது: ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறை தானாகவே அணு உலையாக இயங்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் யுரேனியத்தில் 235-இன் பங்கு 3 விழுக்காடு. பாறைக்குள் ஊறிய நிலத்தடி நீர், நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்துத் தொடர்வினையை நடத்தியது. சூடேறித் தண்ணீர் ஆவியாகிப் போனதும் வினை நின்றது. ஆறியதும் தண்ணீர் திரும்பி வந்தது, வினை தொடங்கியது. இப்படி அரை மணி நேரம் எரிவதும் இரண்டரை மணி நேரம் ஓய்வதுமாக, லட்சக்கணக்கான ஆண்டுகள். தண்ணீரால் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்ட உலை, அதைக் கட்ட ஒருவரும் இல்லாத காலத்தில்!

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களில் புளூட்டோனியம்-238 வைத்திருக்கிறார்கள். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ அரை வாட் வெப்பம் தருகிறது. அந்த வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பூமிக்குள் யுரேனியம் சிதைவதும் இதுவும் ஒரே வகை நிகழ்வு, ஆனால் இந்தத் தனிமத்தை மனிதர்கள்தான் உலைகளில் உருவாக்கினார்கள். அதற்குள் அடைபட்டிருக்கும் ஆற்றலோ யுரேனியத்திலிருந்து வந்தது. அந்த யுரேனியம் சூரியன் பிறப்பதற்கும் முன்னால், விண்மீன்களின் பெருவெடிப்புகளிலும் மோதல்களிலும் உருவானது.

ஆக, பின்னோக்கிப் போகப் போக வேர்கள் மிகச் சிலவே மிஞ்சுகின்றன: சூரியனில் நடக்கும் இணைவு, பழைய விண்மீன்கள் விட்டுச்சென்ற கனமான கருக்கள், ஈர்ப்பு விசை. அடுப்பும் ஹீட்டரும் உலையும் இவற்றிலிருந்து வரும் கிளைகள். எப்போது, எங்கே, எவ்வளவு வேகத்தில் அவிழ்ப்பது என்பதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள்.

நாம் எரிப்பதால் பூமி சூடாகிறதா?

இந்த இடத்தில் பலரும் கேட்கும் கேள்வி இது. இத்தனை அடுப்புகளும் எஞ்சின்களும் மின்நிலையங்களும் வெளிவிடும் வெப்பம்தான் புவி வெப்பமாதலா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனிதர்கள் பயன்படுத்தும் ஆற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. அதைப் பூமியின் பரப்பு முழுவதிலும் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.04 வாட் அளவில் வரும். தரையின் அடியிலிருந்து வருவதில் பாதிகூட இல்லை. நம் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க அதற்கு மூன்று மாதம் ஆகும்.

கேடு செய்வது எரித்த வெப்பம் இல்லை, எரித்தபின் மிஞ்சும் வாயு. வெயிலை வாங்கிய தரை, தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. கரியமில வாயு அந்தக் கதிர்களில் ஒரு பகுதியைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 280 ஆக இருந்த கரியமில வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இதன் விளைவாகப் பூமி வாங்கும் வெப்பத்துக்கும் திருப்பி அனுப்பும் வெப்பத்துக்கும் இடையே, அண்மைக்கால அளவீடுகளின்படி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 வாட் வித்தியாசம் இருக்கிறது. நாம் நேரடியாக வெளிவிடும் வெப்பத்தைப் போல் இருபத்தைந்து மடங்கு. பூமியின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் மூன்றரை நாளுக்கு ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெயில் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் இறங்குகிறது.